அந்தி வானின் வருகைப்பதிவு

நுழையும்முன்

பகல் முழுதும் இரைதேடித் திரிந்த பறவைகள் அந்தியில் தாம் அடையும் இடம் நோக்கித் திரும்புகின்றன. அக்காட்சியைக் காண்பதற்காகவே குழுவாக நடந்து செல்லும் வழக்கம் தமிழகத்தில் பரவி வருகிறது. கண்ணால் கண்டதைப் பெயர் சொல்லி, எண்ணி, எழுதிவைக்கும் இந்த எளிய பழக்கம், ஓர் ஊரின் இயற்கையைக் காக்கும் அறிவாக வளர்வது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

நிலத்தை ஐந்திணையாகப் பகுத்த தமிழ் மரபு, ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாகப் புள்ளையும் வைத்தது. குறிஞ்சிக்குக் கிளியும் மயிலும், முல்லைக்குக் காட்டுக்கோழியும், மருதத்துக்கு நாரையும் நீர்க்கோழியும், நெய்தலுக்குக் கடற்காகமும், பாலைக்குப் பருந்தும் கழுகும் உரியன என இலக்கண நூல்கள் கூறும். இந்நிலத்தில் இப்பறவை வாழும் என்னும் இச்செய்தி, இன்றைய சூழலியலார் 'வாழிடம்' என்று வழங்கும் கருத்தோடு நெருங்கிய உறவுடையது. ஏட்டைப் புரட்டி மட்டும் இவ்வறிவைப் பெற்றிருக்க இயலாது. வயலிலும் காட்டிலும் கடற்கரையிலும் நடந்து, நின்று, உற்றுநோக்கியவர்களே இதைத் தொகுத்தனர்.

அவ்வறிவு இன்று மங்கி வருகிறது. வயலில் நிற்கும் வெண்ணிறப் பறவைகள் எல்லாம் 'கொக்கு' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. மின்கம்பியில் அமர்ந்திருப்பவை எல்லாம் 'குருவி' ஆகிவிடுகின்றன. ஒரு பறவையின் பெயர் பேச்சிலிருந்து மறைந்துவிட்டால், பிறகு அப்பறவையே ஊரைவிட்டு மறைந்தாலும் அதை உணர்வார் இரார். இந்த இழப்பைத் தடுக்கும் முதல் முயற்சி, மாலையில் ஊர்ப்புறம் நோக்கி நடப்பதிலிருந்து தொடங்கலாம்.

மாலை என்னும் பொழுது

பறவைகளைக் காண ஏற்ற பொழுதுகள் இரண்டு. ஒன்று விடியல், மற்றொன்று மாலை. நண்பகல் வெயிலில் பெரும்பாலான பறவைகள் இலைநிழலில் ஒதுங்கி ஓய்வெடுக்கும். வெப்பம் தணியத் தொடங்கியதும், இரவுப் பட்டினியைத் தாங்குவதற்காக மீண்டும் ஊக்கத்துடன் இரைதேடும். ஆதலால் மாலை நான்கு மணி முதல் இருள் கவியும் வரையிலான இரண்டரை மணி நேரத்தில், உண்ணல், குளித்தல், இறகு கோதுதல், கூட்டமாகப் பறத்தல், அடைதல் ஆகிய செயல்கள் அனைத்தையும் ஒரே நடையில் காண முடிகிறது.

காற்றின் இயல்பும் இதற்குத் துணைசெய்கிறது. நாரை, கூழைக்கடா போன்ற பெரிய பறவைகள், வெயிலால் சூடேறிய நிலத்திலிருந்து மேலெழும் வெப்பக் காற்றோட்டத்தில் சிறகை விரித்து வட்டமிட்டு உயரும். சிறகை ஓயாமல் அடிக்கும் உழைப்பு இதனால் மிச்சமாகும். பொழுது சாயச் சாய நிலம் குளிர்ந்து அக்காற்றோட்டம் அடங்கும். அது முற்றிலும் அடங்கும்முன் இப்பறவைகள் திரும்ப வேண்டும். எனவேதான் பின்மாலையில் அவை அணியணியாக வந்து சேர்கின்றன.

பல பறவைகள் ஏன் ஒன்றாகக் கூடி அடைகின்றன? கண்கள் பல இருப்பின் பகையை விரைவில் அறியலாம். ஒரு பறவை தனியே நிற்கும்போது எதிரியின் பிடியில் சிக்கும் வாய்ப்பு மிகுதி. நூற்றுள் ஒன்றாக நிற்கும்போது அவ்வாய்ப்புக் குறைவு. மேலும், நல்ல இரையுள்ள இடத்தை அறிந்த பறவைகளைப் பின்தொடர்ந்து மறுநாள் பிற பறவைகளும் அங்குச் செல்லக்கூடும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

குழுவாக நடத்தல்

பறவை நோக்கல் தனித்துச் செய்யத்தக்கதே. ஆயினும் மாலைநடை குழுவாக அமையும்போது கூடுதல் பயன் தருகிறது. ஒருவர் வானத்தை நோக்கும்போது மற்றொருவர் புதரை நோக்குவார். ஒருவர் கண்ணால் தேடும்போது மற்றொருவர் குரலைக் கேட்டறிவார். ஒருவர் கூறும் பெயரை மற்றவர் ஐயுற்று வினவுவதால் பிழைகள் களையப்படும். எட்டுப் பேர் முதல் பத்துப் பேர் வரை உள்ள குழு இதற்கு ஏற்றது. எண்ணிக்கை மிகுந்தால் ஓசை மிகும், பறவைகள் அகலும்.

புறப்படும்முன் பணிகள் பகிர்ந்தளிக்கப்படும். வழியறிந்த ஒருவர் முன்னே செல்வார். ஒருவர் எண்ணுவார். ஒருவர் குறிப்பேட்டில் எழுதுவார். இடத்தின் பெயர், நாள், தொடங்கிய நேரம், வானிலை ஆகியவை முதலில் பதியப்படும். அவ்வூர்ப் பெரியவர் அல்லது கால்நடை மேய்ப்பவர் ஒருவர் உடன்வரின் அது குழுவின் பேறு எனலாம். எந்த மரத்தில் ஆந்தை இருக்கும், எந்த மடையருகே முக்குளிப்பான் மூழ்கும், எந்த மாதத்தில் எந்தப் பறவை வரும் என்பனவற்றை அவர் நூல் காட்டாத நுட்பத்துடன் கூறுவார்.

நடைக்கென்று ஒழுங்குகளும் உண்டு. வயலுக்கு உரியவரின் இசைவு பெற்றே வரப்பில் கால்வைக்க வேண்டும். பளிச்சிடும் வண்ண உடைகளைத் தவிர்த்து, மண்ணும் இலையும் போன்ற நிறங்களை அணிதல் நன்று. கூட்டை நெருங்குதல், குஞ்சுகளைப் படமெடுத்தல், பதிவுசெய்த குரலை ஒலிக்கச்செய்து பறவையை வரவழைத்தல் ஆகியவை கூடா. தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டது என்று மயங்கி அப்பறவை வீணே அலையும். அந்நேரத்தில் அதன் கூடு காவலின்றிக் கிடக்கும். பறவை தான் செய்துகொண்டிருந்த செயலை நிறுத்திவிட்டு மனிதரை நோக்கத் தொடங்குமாயின், குழு மிக நெருங்கிவிட்டது என்பது பொருள். அந்நிலையில் இரண்டடி பின்வாங்குதலே முறை.

தெரிந்து தெளிவோம்

இருநோக்கியின் மீது 8×42 என்று பொறித்திருப்பின், அது பொருளை 8 மடங்கு நெருக்கமாகக் காட்டும் என்றும், அதன் முன்வில்லையின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்றும் பொருள்படும். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 கிடைக்கும். கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் விட்டம் அத்தனை மில்லிமீட்டர் ஆகும். 8×25 அளவுள்ள சிறிய கருவியில் இது ஏறத்தாழ 3.1 மில்லிமீட்டரே. மங்கிய ஒளியில் கண்ணின் பாவை விரிவதால், அந்தியில் பெரிய வில்லையுள்ள கருவியே தெளிவாகக் காட்டும். இருநோக்கி வழியாக ஒருபோதும் சூரியனைப் பார்த்தல் கூடாது.

வயல்வெளியில் பெயர்களைக் கற்றல்

செங்கல்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம் வட்டாரம் ஏரிகளால் ஆனது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரிகள் நிறைந்து, நெற்பயிர் பச்சை விரித்திருக்கும் தை மாதத்து மாலை, இவ்வட்டாரத்தில் நடப்பதற்கு மிகவும் உகந்தது. ஊரைக் கடந்து வயலை அடைந்த சில நிமிடங்களிலேயே குறிப்பேட்டின் முதற்பக்கம் நிறையத் தொடங்கும்.

மின்கம்பியில் பிளவுபட்ட நீண்ட வாலுடன் அமர்ந்திருப்பது கரிச்சான். தன்னினும் பெரிய பருந்தையும் காகத்தையும் துரத்தும் துணிவு அதற்கு உண்டு. அதே கம்பியிலிருந்து பாய்ந்து, பறக்கும் பூச்சியைக் கவ்விக்கொண்டு மீண்டும் அதே இடத்தில் வந்தமர்வது பச்சைப் பஞ்சுருட்டான். மாடுகளின் காலடியில் நடந்து, அவற்றின் நடையால் கிளம்பும் பூச்சிகளைக் கொத்துவது உண்ணிக்கொக்கு. வாய்க்கால் ஓரத்தில் மண்ணிறம் போர்த்து அசையாமல் நிற்பது மடையான். அது எழும்பிப் பறக்கும் நொடியில் மட்டுமே அதன் சிறகின் வெண்மை பளிச்சிடும். ஒருகணம் முன்புவரை சேறாகத் தோன்றிய இடத்திலிருந்து வெண்பறவை ஒன்று எழுவதைக் கண்டு புதியவர் வியப்பர்.

தமிழ்ப் பெயர்கள் பல, உற்றுநோக்கலின் சுருக்கக் குறிப்புகளாகவே அமைந்துள்ளன. நத்தையைக் குத்தி உண்பதால் நத்தைகுத்தி நாரை. அதன் இரு அலகுகளுக்கும் நடுவே காணப்படும் இடைவெளி அவ்வுணவுக்கு ஏற்ற அமைப்பு. உடலை நீருள் மறைத்துக் கழுத்தை மட்டும் பாம்புபோல் நீட்டுவதால் பாம்புத்தாரா. அலகு கரண்டிபோல் விரிந்திருப்பதால் கரண்டிவாயன். அரிவாள்போல் வளைந்திருப்பதால் அரிவாள்மூக்கன். ஓயாது வாலை ஆட்டுவதால் வாலாட்டி. மனிதரைக் கண்டதும் கூவி எழுந்து மற்ற உயிர்களுக்கு அறிவிப்பதால் ஆள்காட்டி. ஆள்காட்டி கூவினால் அருகில் அதன் முட்டைகள் இருக்கலாம். திறந்த தரையில் கற்களோடு கற்களாகக் கிடக்கும் அம்முட்டைகளை மிதித்துவிடாமல் குழு விலகி நடக்க வேண்டும். இவ்வாறு, ஒரு பெயரை அறிந்தவர் அப்பறவையின் உணவு, உருவம், குணம் ஆகியவற்றுள் ஒன்றையேனும் அறிந்தவராகிறார். நாரையைத் தூதுவிட்ட சத்திமுத்தப் புலவர், அதன் அலகையும் காலையும் நேரில் கூர்ந்து கண்டவராதலாலேயே அவற்றை அத்துணைத் தெளிவாகப் பாட முடிந்தது.

பனைவரிசையை நெருங்கும்போது குழு சற்றே நிற்கும். பட்ட பனையின் உச்சியில் மங்கிய பழுப்பு நிறத்தில் பறவை ஒன்று அமர்ந்திருக்கும். அது சிறகை விரித்ததும் கருநீலமும் வெளிர்நீலமும் பட்டைபட்டையாக மின்னும். அது பனங்காடை. வெட்டுக்கிளி, வண்டு முதலிய பயிர்ப்பூச்சிகளை உண்ணும் இப்பறவை உழவரின் நண்பன். இப்பறவையைப் பற்றிய செய்தி ஒன்று பின்னர்க் கூறப்படும்.

ஏரிக்கரையில் ஓர் எண்ணிக்கைப் பாடம்

வயலைக் கடந்து ஏரிக்கரையை அடையும்போது கதிரவன் மேற்கே தாழ்ந்திருக்கும். மேற்குக் கரையில் நின்று கிழக்கு நோக்கினால் ஒளி முதுகுப்புறமிருந்து விழும். பறவைகளின் நிறம் தெளிவாகத் தெரியும். எதிர்க்கரையில் நிற்பவருக்கோ அதே பறவைகள் கரிய நிழலுருவாகவே தோன்றும்.

இவ்வட்டாரத்தின் புகழ்பெற்ற ஏரி வேடந்தாங்கல். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புடைய இவ்வேரியின் நீரில் நிற்கும் மரங்களில், நாரைகளும் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் வக்காக்களும் அரிவாள்மூக்கன்களும் கூடுகட்டுகின்றன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், இங்கு வந்து பறவைகளைச் சுட்டவர்களுக்கு எதிராக ஊர்மக்கள் ஆட்சியாளரிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையைப் பெற்றனர். அதற்கு அவர்கள் கூறிய காரணம் உழவு சார்ந்தது. பறவைகளின் எச்சம் விழுந்து உரமேறிய ஏரிநீர் பாயும் வயலில் பயிர் செழிக்கும் என்பதை அவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். எச்சத்தில் உள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரை வளப்படுத்துகின்றன என்று இன்றைய அறிவியல் அதனை விளக்குகிறது. 1936இல் இவ்வேரி பறவைகள் புகலிடமாக ஏற்கப்பட்டது. 2022இல் பன்னாட்டு முதன்மை வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

பொழுது சாயும் வேளையில் அடிவானில் கோடு ஒன்று தோன்றும். அது நெருங்க நெருங்கப் பறவைகளின் அணியாக விரியும். நிறம் தெரியாத தொலைவிலும் அவற்றை இனம்காண வழி உண்டு. பறக்கும்போது கழுத்தை மடித்து உடலோடு ஒட்டிக்கொள்பவை கொக்கும் வக்காவும். கழுத்தை நேரே நீட்டிப் பறப்பவை நாரையும் கரண்டிவாயனும் அரிவாள்மூக்கனும். பேருடலும் பெருஞ்சிறகும் கொண்டு, தலையைப் பின்னுக்கு இழுத்துக் கனத்த அலகைத் தாங்கி வருபவை கூழைக்கடா. நீர்க்காகங்கள் இடைவிடாது சிறகடித்து வளைகோட்டு வரிசையில் வரும். கோண வடிவில் பறக்கும் அணியில், முன்செல்லும் பறவையின் சிறகுநுனியில் எழும் காற்றுச்சுழலின் மேலோட்டம் பின்வரும் பறவைக்குத் தாங்குதலாகிறது. இதனால் பின்வருபவற்றின் ஆற்றல் மிச்சமாகிறது.

பெருங்கூட்டத்தை எண்ணுவது எவ்வாறு? முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, வானில் அவை அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவைக் கண்ணில் பதித்துக்கொள்வர். அவ்வளவு இடம் அந்தக் கூட்டத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பார்த்துப் பெருக்குவர். கூட்டம் மிகப்பெரிதாயின் பத்துக்கு மாறாக நூற்றை அலகாகக் கொள்வர். இருவர் தனித்தனியே மதிப்பிட்டு, பின்னர் ஒப்பிடுவதும் உண்டு. ஒருவர் 240 என்றும் மற்றவர் 260 என்றும் கூறினால் மதிப்பீடு நம்பத்தக்கது. ஒருவர் 100 என்றும் மற்றவர் 400 என்றும் கூறினால் அடுத்த அணியை இருவரும் இன்னும் கவனமாக எண்ண வேண்டும். பெரிய எண் சொல்வதில் பெருமை இல்லை. கண்டதைக் கண்டவாறு சொல்வதே இக்கலையின் அறம். இனம் உறுதியாகத் தெரியாதபோது 'வெண்கொக்கு, இனம் தெரியவில்லை' என்று எழுதுவது அறியாமை ஆகாது. அதுவே நேர்மையான பதிவு.

இருள் கவியும்போது

கதிரவன் மறைந்ததும் புதியவர் பலர் நடை முடிந்துவிட்டதாக எண்ணுவர். உண்மையில் அப்போது வேறொரு கூட்டத்தின் நாள் தொடங்குகிறது. பகற்பறவைகள் ஏரிக்குத் திரும்பும் அதே வானில், வக்காக்கள் ஏரியைவிட்டு வெளியே புறப்படும். தடித்த கழுத்தும் கட்டையான உடலும் கொண்ட அவை, கரகரத்த குரலெழுப்பிக்கொண்டு இரவு இரைக்குச் செல்லும். ஒரே மரக்கூட்டத்தில் ஒரு கூட்டம் இறங்க, மற்றொரு கூட்டம் எழும் அக்காட்சி, ஆலையில் முறைமாறிப் பணிக்கு வருவோரை நினைவூட்டும்.

வரப்போரத்து மரப்பொந்திலிருந்து புள்ளி ஆந்தை இணையொன்று தலைநீட்டிக் கீச்சிடும். வயலில் எலிகளை வேட்டையாடும் கூகை வெண்முகத்துடன் ஓசையின்றிப் பறந்து செல்லும். அதன் இறகின் விளிம்பு மென்மையான தூவிகளால் ஆனதால் சிறகடிப்பின் ஒலி அடங்கிவிடுகிறது. கூகையைத் தீக்குறி எனக் கருதி விரட்டும் வழக்கம் சில இடங்களில் இன்றும் உண்டு. நெல்லைத் தின்னும் எலியை உண்ணும் பறவையை விரட்டுவது, களஞ்சியத்தின் காவலரை வேலைநீக்கம் செய்வதற்கு ஒப்பாகும்.

மண்பாதையில் திரும்பும்போது, கல்தரையில் விழுந்த கோலிக்குண்டு துள்ளித்துள்ளி ஓய்வதுபோன்ற குரல் கேட்கலாம். அது பக்கி. பகலில் சருகோடு சருகாகக் கிடந்து கண்ணை ஏமாற்றும் இப்பறவை, இரவில் வாயை அகலத் திறந்து பறந்தவாறே பூச்சி பிடிக்கும். பகலின் வெம்மை எஞ்சியிருக்கும் பாதைகளில் அமர்வது அதன் வழக்கம். ஆதலால் வண்டிச் சக்கரங்களில் அடிபடுவதும் உண்டு. இந்நேரத்தில் குழுவினர் கைவிளக்கைத் தரைநோக்கியே பிடிப்பர். பாதையில் பாம்பு கிடந்தால் காண்பதற்கு அது உதவும். மரத்தில் அடைந்த பறவையின் கண்ணைக் கூசச்செய்யாமலும் இருக்கும்.

மரங்களில் மட்டுமே பறவைகள் அடையும் என்று கருதுவதும் தவறு. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசைவரும் பூனைப்பருந்துகள், திறந்த புல்வெளியில் தரையிலேயே கூட்டமாக அடைகின்றன. மரமில்லா அந்நிலத்தைப் 'பயனற்ற தரிசு' என்று பதிவேடுகள் குறிக்கக்கூடும். மாலையில் அங்கு நின்று பார்த்தவர் மட்டுமே, அந்தத் தரிசு பல நாடுகளைக் கடந்து வந்த பறவைகளின் படுக்கையறை என்பதை அறிவார். நல்லெண்ணத்துடன் அங்கு மரக்கன்றுகளை நட்டு நிரப்பினால்கூட அப்பறவைகள் தம் இடத்தை இழக்கும்.

எண்கள் உரைக்கும் உண்மை

ஒரு மாலையில் எழுதிய பட்டியலால் பெரும்பயன் விளைவதில்லை. ஒரே பாதையில், ஒரே பருவத்தில், ஆண்டுதோறும் எழுதிய பட்டியல்கள் பெருஞ்செய்தி கூறும். இந்தியாவின் பாறுக் கழுகுகளின் வரலாறு இதற்குத் தக்க சான்று. ஒருகாலத்தில் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் வட்டமிட்ட பாறுகள் 1990களில் விரைந்து அருகின. இராசத்தானின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் முன்னர் எடுத்த கணக்கும் பின்னர் எடுத்த கணக்கும் ஒப்பிடப்பட்டபோதுதான் வீழ்ச்சியின் அளவு அறிவியல் உலகுக்குப் புலனாயிற்று. கால்நடைகளுக்கு வலிநீக்கியாகக் கொடுக்கப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்து, அவற்றின் சடலத்தை உண்ட பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது என்பது 2004இல் நிறுவப்பட்டது. 2006இல் இந்திய அரசு கால்நடைப் பயன்பாட்டுக்கான அம்மருந்தைத் தடைசெய்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துவிட்டது. தமிழகத்தில் இன்று முதுமலை, மோயாற்றுப் பள்ளத்தாக்கு ஆகிய பகுதிகளில் அவை எஞ்சியுள்ளன. பழைய கணக்கு இல்லாதிருந்தால் இழப்பை உணர இன்னும் காலம் கடந்திருக்கும்.

பொதுமக்கள் எழுதும் பட்டியல்களும் அறிவியலுக்கு உதவும் வழி இன்று உண்டு. 2002இல் தொடங்கப்பட்ட இ-பேர்டு என்னும் இணையத் தரவுத்தளத்தில், உலகின் எந்த மூலையில் இருப்பவரும் தாம் கண்ட பறவைகளைப் பதிவிடலாம். தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் விடுமுறையையொட்டிப் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடைபெறுகிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் கண்ட, கேட்ட பறவைகள் அனைத்தையும் பதிவது இதன் முறை. 'அனைத்தையும்' என்பதே இதில் முதன்மையான சொல். அரிய பறவையை மட்டும் எழுதி, காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டால் பட்டியல் பயன்படாது. எல்லாவற்றையும் எழுதிய பட்டியலில் ஒரு பறவையின் பெயர் இல்லையென்றால், 'அது அன்று அங்குக் காணப்படவில்லை' என்பதும் ஒரு தகவலாகிறது. இருப்பதைப் போலவே இல்லாமையும் பதிவுபெறும் இடம் அது.

இவ்வாறு 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் அளித்த 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு, 2023இல் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்னும் அறிக்கை வெளியாயிற்று. அது 942 இனங்களை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கை அறியப் போதிய தரவு 338 இனங்களுக்கே இருந்தது. அவற்றுள் 204 இனங்கள் குறைந்து வந்தமை தெரிந்தது. மயில் முதலிய சில பெருகியுள்ளன. குறைந்துவரும் பறவைகளின் வரிசையில் இடம்பெற்றுக் கவலையை எழுப்பிய ஒன்று, பட்ட பனையில் அமர்ந்திருந்த அந்தப் பனங்காடை. அதைக் கம்பியிலும் பனையிலும் அன்றாடம் காணும் உழவருக்கு அது குறைகிறது என்பது எளிதில் தோன்றாது. ஆண்டுக்குச் சிறிது சிறிதாக நிகழும் குறைவைக் கண் உணராது, குறிப்பேடு உணரும். பொதுவான பறவை என்பதாலேயே கவனிக்கப்படாமல் போகும் ஆபத்து அதற்கு உண்டு.

ஊரும் பறவையும்

பறவையை அறிந்த ஊர் அதனைக் காக்கவும் முன்வருகிறது. சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடிப் பறவைகள் புகலிடத்தை ஒட்டியுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் அஞ்சிவிடக்கூடாது என்பதற்காகத் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளத்தில் குளக்கரையிலும் ஊருக்குள் இருக்கும் மரங்களிலும் நாரைகள் கூடுகட்டுகின்றன. வீட்டுக்கூரைக்கு மேலே எழும் குஞ்சுகளின் ஓசையையும் எச்சத்தின் வாடையையும் ஊரார் பொறுத்துக்கொள்கின்றனர். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வளர்க்கும் வழக்கமும் அங்கு உண்டு. 1994இல் அரசு அதனைப் பறவைகள் புகலிடமாக அறிவிப்பதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அக்காவல் தொடர்கிறது.

ஆயினும் புகலிடங்களில் மட்டும் பறவைகள் வாழ்வதில்லை. வேடந்தாங்கலில் கூடுகட்டும் நாரை, தன் குஞ்சுக்கான மீனைச் சுற்றுவட்டார ஏரிகளிலும் நெல்வயல்களிலும் தேடுகிறது. அந்த ஏரிகள் தூர்ந்தாலோ, வயல்கள் மனைகளானாலோ, வேலியிட்டுக் காத்த ஏரியிலும் கூடு வெறுமையாகும். எனவே பெயர்பெற்ற ஏரியைப் போலவே பெயர்பெறாத ஊர்க்குளமும் கணக்கில் வர வேண்டும். அக்கணக்கை எடுக்கத் தொலைவிலிருந்து அறிஞர் எவரும் வரப்போவதில்லை. அவ்வூரில் வாழ்பவரே, அவ்வூர்ப் பள்ளியில் பயில்பவரே அதற்கு உரியவர்.

நடையின் இறுதியில் குழுவினர் கரையில் அமர்ந்து பட்டியலைப் படித்துச் சரிபார்ப்பர். ஒவ்வொரு பெயரும் உரக்க வாசிக்கப்படும்; கண்டவர் 'ஆம்' என்பார்; ஐயமுள்ளது நீக்கப்படும். வகுப்பறையில் ஆசிரியர் வருகைப்பதிவு எடுக்கும்போது, வராத மாணவர் யார் என்பதே முதலில் வினவப்படும். அந்தி வானுக்கும் அத்தகைய பதிவேடு ஒன்று ஒவ்வோர் ஊரிலும் வேண்டும். இந்த ஆண்டு வராத பறவை எது, அது ஏன் வரவில்லை என்று வினவும் ஊரில், அதற்கான விடையைத் தேடுவாரும் இருப்பர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க்குளம், ஏரி அல்லது வயல் ஒன்றைத் தேர்ந்து, ஆசிரியர் அல்லது பெரியவர் துணையுடன் மாலையில் பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகள் அனைத்தையும் எண்ணிக்கையுடன் பட்டியலிடுக. அடுத்த மாதம் அதே இடத்தில் மீண்டும் பட்டியலிட்டு ஒப்பிடுக.

2. உங்கள் வட்டாரத்தில் வழங்கும் பறவைப் பெயர்களை முதியோரிடம் கேட்டுத் தொகுத்து, ஒவ்வொரு பெயரும் அப்பறவையின் எந்த இயல்பைக் குறிக்கிறது என எழுதுக.

3. 'மரமில்லாத நிலம் பயனற்ற நிலமா?' என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.